மூச்சு வாங்கும் கலை

டப்பிங்காரருக்குத் தெரியாத மூச்சே கிடையாது. ஓடிவந்தவன் மூச்சு, ஒளிந்திருப்பவன் மூச்சு, காதலியை முதன்முதலாகப் பார்த்தவன் விடும் மூச்சு, மாமனாரை முதன்முதலாகப் பார்த்தவன் அடக்கும் மூச்சு என்று, அடுத்தவர்களுக்காக மூச்சு விட்டே குடும்பம் நடத்தியவர். திரையில் எவனோ ஒருவன் வாட்டசாட்டமாக மலை ஏறுவான். இவர் இருட்டறையில் மைக் முன்னால் நின்றபடி அவனுக்காக இரைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். மலையேறிய புகழ் அவனுக்கு, தொண்டைக் கரகரப்பு இவருக்கு.

இப்படி ஊருக்கெல்லாம் மூச்சைத் தானம் செய்துகொண்டிருந்தவருக்குச் சொந்த மூச்சிலேயே தட்டுப்பாடு வந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் தங்களுக்குள் கலந்து பேசி, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரே சமயத்தில் வேலையை விட்டுவிட்டன. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் அலமாரி மாதிரி ஒரு இயந்திரம். அது பாட்டுக்கு இவருடைய ரத்தத்தை வெளியே எடுத்து, அலசி, திருப்பிக் கொடுக்கும். "வாஷிங் மெஷின் மாதிரிதான். துவைக்கறதோட விடாம பிழிஞ்சும் அனுப்புது," என்று நர்ஸிடம் சொல்லிப் பார்த்தார். இந்த நகைச்சுவையைப் படிப்பு முடித்த நாளிலிருந்து கேட்டுவருகிற முகத்தோடு நர்ஸ் பிளாஸ்திரியை ஒட்டினார்.

நோயைவிடப் பெரிய இடி கால்களில் விழுந்தது. சிகிச்சை முடிந்து எழுந்தால் முழங்காலுக்குக் கீழே இருப்பது யாருடைய கால் என்று கேட்கத் தோன்றும். டப்பிங் என்றால் நிற்க வேண்டும். வசனம் பாதியில் இருக்கும்போது கால் நடுங்கும், கால் நடுங்கினால் மூச்சு உடையும், மூச்சு உடைந்தால் திரையில் இருப்பவன் வாயை மூடிய பிறகும் இவர் பேசிக்கொண்டிருப்பார்.

ஒலிப்பதிவாளன் நல்ல பையன். வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். "அண்ணே, புதுத் தொடர் ஒண்ணு வருது. அதுல ஒரு அப்பா. காலையில எழுந்ததுலேர்ந்து பையனைத் திட்டறது மட்டும்தான் வேலை. மூச்சு விடாம திட்டணும். உங்களைத்தான் மனசுல வெச்சிருக்கேன். ஆனா உக்காந்து பேச முடியாது. உக்காந்தா வயித்துலேர்ந்து வர்ற கோவம் மடங்கிப் போயிடுது. மாசக் கடைசியில வந்து நின்னு ஒரு பக்கம் பேசிக் காட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்த அப்பா கிடைத்தால் வருடக் கணக்கில் வேலை. கிடைக்காவிட்டால் இனிமேல் கூட்டத்தில் ஒருவராக "ஆமாம், ஆமாம்" என்று கத்துவதோடு சரி. டப்பிங்காரருக்கு அந்த அப்பா வேண்டும். அப்பாவுக்கோ கால் வேண்டும்.

கால் கொடுக்க வந்தவர், உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ. டயாலிசிஸ் பிரிவுக்கென்று புதிதாக வந்த பெண். கட்டிலின் கால்மாட்டில் மாட்டுகிற மாதிரி ஒரு மிதி கொண்டுவந்தார். கையில் ஊசி இருக்கும்போதே படுத்தபடி சைக்கிள் மிதிக்கலாம். "எங்கயும் போகாத சைக்கிள். பஞ்சராகாது," என்றார் டப்பிங்காரர். பிசியோ சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்காகவே அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

"இங்க இருக்கறப்போ நான் மிதிக்க வெச்சிடுவேன்," என்றார் பிசியோ. "இங்க வராத நாள்ல வீட்டுல நடக்கணுமே, அதை யார் பாக்கறது? தனியா நடக்கறவங்க பத்து நாள்ல விட்டுடறாங்க. அதனால ஜோடி ஜோடியா நடங்க. ஒரே நேரத்துல போன் போட்டுப் பேசிக்கிட்டே நடங்க. பேச முடியணும். பாட முடிஞ்சா வேகம் போதாது. பேசவே முடியலையா, வேகம் அதிகம், நின்னுடணும்."

டப்பிங்காரருக்கு வாய்த்த ஜோடி, பக்கத்துக் கட்டில் கண்டக்டர் அக்கா. நகரப் பேருந்தில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்து, மகளைக் கட்டிக் கொடுத்து, தனியாக இருந்தார். டிக்கெட் வாங்காமல் தூங்குகிற மாதிரி நடிக்கிறவனைப் பின்சீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை.

"தம்பி, ஏமாத்தினா எனக்குத் தெரிஞ்சிடும்," என்றார் முதல் நாளே.

"அக்கா, நான் ஏமாத்தினா எனக்கே தெரியாது," என்றார் இவர்.

முதல் வாரம் யோக்கியமாகத்தான் போயிற்று. மனைவி கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போன பிறகு, மாலையில் போன் வரும். இவர் கூடத்திலிருந்து படுக்கையறை ஜன்னல்வரை, திரும்பக் கூடம்வரை நடப்பார். அக்கா தன் வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தாகம் பற்றிப் பேசுவார்கள், டாக்டர் அளந்து விட்ட தண்ணீரில் ஒரு மடக்கை எப்படியெல்லாம் நீட்டிக் குடிக்கலாம் என்று பேசுவார்கள், டாக்டர் விலக்கிவைத்த வாழைப்பழத்தைப் பற்றி முன்னாள் காதலியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அக்கா நிற்கவே மாட்டேன் என்கிறார். இவருக்கு இரண்டாவது சுற்றிலேயே தொடை கொதிக்கும். போனில் அக்காவின் செருப்புச் சத்தம் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வயதில் மூத்தவர், நோயிலும் மூத்தவர், அவரே நடக்கும்போது "அக்கா, உக்காந்துட்டேன்" என்று எந்த வாயால் சொல்வது? கதாநாயகர்களுக்கெல்லாம் குரல் கொடுத்த வாய் அல்லவா?

ஒருநாள் சொல்லாமல் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே லேசாக ஒரு மூச்சு விட்டுப் பார்த்தார். தொழில்சுத்தமாக இருந்தது. மறுநாள் சாய்ந்தார். அதற்கடுத்த நாள் படுத்தார்.

கலைஞன் என்பவன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். காலடிச் சத்தம் இல்லாத நடை எடுபடாது என்று பட்டது. ஒரு ரப்பர் செருப்பை எடுத்து வலதுகையில் மாட்டிக்கொண்டார். இடதுகை ஊசிக்கு நேர்ந்துவிட்ட கை, அதற்கு வேலை கொடுக்கக் கூடாது. சோபாவின் மரக்கைப்பிடியில் செருப்பின் குதிகால் ஒரு தட்டு, நுனி ஒரு தட்டு. ஒற்றைக் கையால் இரண்டு கால் நடை. திரும்பும் இடத்தில் கொஞ்சம் தேய்ப்பார். நெஞ்சின்மேல் போன், கையில் செருப்பு, கண் மூடியபடி டப்பிங்காரர் மைல் கணக்கில் நடந்தார். ஸ்டுடியோவுக்குப் போகவேண்டிய நாள் நெருங்க நெருங்க மனது உறுத்தத்தான் செய்தது. நாளையிலிருந்து நிஜமாக நடப்போம் என்று தினமும் முடிவெடுத்தார். முடிவெடுப்பதில் அவர் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அப்படி நடந்த ஒருநாள் அக்கா குறை கண்டுபிடித்தார்.

"என்ன தம்பி, ஜம்முனு பேசற. பாட்டே பாடுவ போல இருக்கே. வேகம் போதாது."

டப்பிங்காரருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. முன்பொரு படத்தில் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் மீனவனுக்கு ஒரு மூச்சு கொடுத்திருந்தார். உள்ளே நீர் புரள்கிற மாதிரி, அடித்தொண்டையில் ஒரு களகளப்போடு. தியேட்டரில் பெண்கள் அழுதார்களாம். அந்த மூச்சை எடுத்துத் தூசி தட்டி விட்டார்.

அக்காவின் செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"தம்பி?"

களகளப்பு.

"தம்பி, நில்லு. நடக்காத. உக்காரு. படுக்காத, உக்காரு. கதவைத் தெறந்து வை, நான் வரேன்."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப அடித்துப் பார்த்தார், எடுக்கவில்லை. வரேன் என்றது சும்மா மிரட்டல், எடுக்காதது நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். சபாஷ் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தார்.

பிஸ்கட் முடிந்து, கண் செருகுகிற நேரத்தில் கதவு இடிபட்டது. விரல்முட்டியால் தட்டுகிற தட்டு அல்ல, உள்ளங்கையால் அறைகிற அறை. எழுந்துபோய்த் திறந்தார்.

வாசலில் கண்டக்டர் அக்கா. தலை கலைந்து, முகம் சிவந்து, ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி. பேச வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. டப்பிங்காரர் அப்படியொரு மூச்சைத் தன் வாழ்நாளில் விட்டதில்லை. அதில் ஒரு ஒழுங்கும் இல்லை, அழகும் இல்லை. மேலே போனது பாதியில் திரும்பியது, கீழே வந்தது தடுக்கி விழுந்தது.

அக்கா இவர் முகத்தைப் பார்த்தார். உதட்டோரத்துப் பிஸ்கட் தூளைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். கையில் செருப்பு இருந்தது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் டப்பிங்காரருக்கு ஞாபகம் வந்தது. இவர் இருப்பது மூன்றாம் மாடி.

கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். மருந்து ஊற்றும் சின்னக் கிண்ணத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தார். அதற்குமேல் அக்காவும் கேட்க மாட்டார், இவரும் கொடுக்கக் கூடாது. அந்த ஒரு மடக்கை அக்கா வாயிலேயே வைத்திருந்து மெல்ல விழுங்கினார்.

"கீழ டாக்ஸி நிக்குது," என்றார் கடைசியில். "டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் பண்ணி உன் அட்ரஸை வாங்கி, பெட் ரெடி பண்ணச் சொல்லிட்டுதான் வந்தேன்."

"அக்கா..."

"பேசாத. உன் பெட்டுல உனக்கு முன்னாடி ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒரு ராத்திரி எனக்குப் போன் பண்ணினார். இதே மூச்சு. இதே மாதிரி உள்ள தண்ணி பொரள்ற சத்தம். மாடி ஏறிட்டுப் பேசறார் போலன்னு நெனச்சு, காலையில பேசலாம்னு வெச்சிட்டேன். நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கு, எனக்குத் தெரியல. அடுத்த முறை நான் போனப்போ அந்த பெட்டுல துவைச்ச விரிப்பு போட்டிருந்தாங்க."

டப்பிங்காரருக்குக் கையிலிருந்த செருப்பைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா யூனிட்டுக்குப் போன் செய்தார். "இல்லம்மா, நல்லாதான் இருக்கான். ரொம்பவே நல்லா இருக்கான். பெட் வேண்டாம்." வைத்துவிட்டுக் கேட்டார். "எத்தனை நாளா இந்தச் செருப்பு நடை?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"ஏன்டா?"

"நீங்க நிக்கவே மாட்டேங்கறீங்களே அக்கா. எனக்கு ரெண்டு சுத்துலயே கால் போயிடுது. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அக்கா அவரை வெறித்துப் பார்த்தார். "நான் நிக்க மாட்டேங்கறேனா? நீ நிக்கலையேன்னுதானேடா நான் நடந்தேன்! செவுத்தப் புடிச்சுக்கிட்டு, மேடையப் புடிச்சுக்கிட்டு... புதுசா வந்தவன், சின்னவன், அவனே இப்படி நடக்கறானே, நாம உக்காந்தா மானம் போயிடுமேன்னு... வேகம் போதாதுன்னு சொன்னதுகூட வெறும் வீறாப்புதான்... தெனமும் நீ மூச்சு வாங்கற வேகத்துக்கு ஈடு குடுத்துக் குடுத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கதவைப் பார்த்தார். கதவுக்கு அப்பால் தெரிந்த படிக்கட்டைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

"தம்பி. இது எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"என் பொண்ணு வீடு முதல் மாடி. ஒரு வருஷமா நான் ஏறினதில்ல. பேத்தியைக் கீழ தூக்கிட்டு வந்துதான் காட்டுவா." அவர் குரல் இறங்கியது. "மூணு மாடி ஏறியிருக்கேன்டா."

கொஞ்ச நேரம் இருவரும் அந்த இரண்டு கால்களையும் ஏதோ விருந்தாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னைச் செருப்பால அடிக்கணும்," என்றார் அக்கா. "அதையும் நீயே கையில வெச்சிருக்க. ஆனா என்ன பண்றது, உன் பொய்யில எனக்குக் கால் வந்திருக்கு. கடவுளுக்கு இருக்கற கிண்டல் உனக்குக்கூடக் கிடையாது."

டப்பிங்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்காக ஒருவர் மூன்று மாடி ஏறி வந்தார் என்பது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது. உறவில்லை, கடமையில்லை. பக்கத்துக் கட்டில், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் போலி அழுகை அழுதவருக்கு நிஜமாகக் கண்ணில் நீர் கோத்தபோது, அதை எந்தக் கையால் துடைப்பது என்று குழப்பமாகிவிட்டது. ஒன்று ஊசிக் கை, இன்னொன்றில் செருப்பு.

டாக்ஸிவரை கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர்தான் வற்புறுத்தினார். இறங்கும்போது அக்காவின் முழங்கால் நடுங்கியது. இவர் முன்னால், அக்கா பின்னால் இவர் தோளைப் பிடித்தபடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா, "நிக்கறேன்," என்று அறிவித்தார். இவரும் நின்றார். நிற்பதை இப்படி வாய்விட்டுச் சொல்ல முடியும் என்பதே இவருக்குப் புதிதாக இருந்தது. "பஸ்ஸுனா நிக்கும், தம்பி," என்றார் அக்கா. "நிக்காம போற பஸ்ஸை ஜனங்க திட்டத்தான் செய்வாங்க."

டாக்ஸி போன பிறகுதான், இறங்கியவர் ஏற வேண்டும் என்கிற உண்மை முன்னால் வந்து நின்றது. மனைவி வேலை முடிந்து வந்தபோது, பாதிப் படிக்கட்டில் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன், வீட்டுக்குள்ள சோபா தேஞ்சிடுச்சா?"

"ஏறிக்கிட்டிருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"போன மாடியிலேர்ந்து."

மனைவி கைப்பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். டப்பிங்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார், செருப்பு உட்பட. மனைவிக்குச் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. பிறகு கண்ணாடியைத் துடைத்தார். அதன் பிறகு கண்ணையும் துடைத்தார்.

"அந்த அக்காவுக்கு என்ன கைம்மாறு செய்யப் போறீங்க?"

"தெரியலம்மா."

"நடங்க. வேற என்ன தெரியும் உங்களுக்கு? எழுந்திருங்க, அடுத்த படி."

மறுநாள் அதே நேரத்துக்கு இவரே போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தார் அக்கா.

"செருப்பு எங்க இருக்கு?"

"கால்ல, அக்கா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"கெளம்பு."

இரண்டாவது சுற்றில் தொடை கொதித்தது. "நிக்கறேன் அக்கா," என்றார். மறுமுனையில் செருப்புச் சத்தம் உடனே நின்றது. "அப்பாடா," என்றார் அக்கா. இருவரும் பேசாமல் மூச்சு வாங்கினார்கள். நிஜ மூச்சு, தான் இத்தனை காலம் நினைத்த இடங்களில் வருவதே இல்லை என்பதை டப்பிங்காரர் கவனித்தார். ஒருவர் மூச்சு அடங்குகிறவரை இன்னொருவர் காத்திருப்பார். பிறகு மறுபடி கிளம்புவார்கள்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருந்துவிடவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்ட நாள் இருந்தது. ஜன்னல்வரை போய்த் திரும்பியதோடு முடிந்த நாளும் இருந்தது. அன்றைக்கும் போன் மட்டும் வந்துவிடும். "இன்னைக்கு என்னால முடியல," என்பார் அக்கா. "சரி, ஜன்னல்கிட்ட போய் என்ன தெரியுதுன்னு சொல்லுங்க," என்பார் இவர். சொல்வதற்காகவாவது அக்கா எழுந்து போவார். பிசியோவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நின்னுடணும்னு நான் சொன்னேன்ல! அது மட்டும் ரெண்டு பேர் காதுலயும் விழலையா?"

"விழுந்துச்சு மேடம்," என்றார் டப்பிங்காரர், மிதித்துக்கொண்டே. "அது அடுத்தவங்களுக்குன்னு நெனச்சுட்டோம்."

மாசக் கடைசி வந்தது. வீணாக்கிய நாட்கள் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிற காலோடு ஸ்டுடியோவுக்குப் போனார். ஒலிப்பதிவாளன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைக் காட்டினான். திரையில் அப்பா. மகன் காலையில் தாமதமாக எழுந்துவிட்டான், அதற்கு ஒரு முழுப் பக்கம்.

"எழுந்துட்டீங்களா தொரை? சூரியனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லட்டுமா..." என்று ஆரம்பித்தார். குரல் கணீரென்று போயிற்று. பாதிப் பக்கம் தாண்டியது. முக்கால் பக்கத்தில் தொடை கொதித்தது. மூச்சு உடைந்தது. திரையில் அப்பா சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே போனார்.

"நிக்கறேன்," என்றார் டப்பிங்காரர், பழக்கதோஷத்தில், மைக்கில்.

"என்னண்ணே, அது வசனத்துலயே இல்லியே?"

"இரு தம்பி. ஒரு நிமிஷம். மூச்சு அடங்கட்டும். முதல்லேர்ந்து போறேன்."

முன்பாக இருந்தால் தொண்டை சரியில்லை, மைக் சரியில்லை, வசனம் சரியில்லை என்று எதையாவது சொல்லியிருப்பார். ஒலிப்பதிவாளன் காத்திருந்தான். காத்திருக்கச் சொன்னால் மனிதர்கள் காத்திருக்கிறார்கள் என்பது இந்த வயதில்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. மகன் திருதிருவென்று முழிக்கிற இடத்தில் மூச்சை எடுத்துக்கொண்டார். பக்கத்தின் கடைசி வரியில் கால் நடுங்கியது, கோபத்தில் நடுங்குகிற அப்பாவுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. முடித்தார். திரை அணைந்தது. விளக்கு எரிந்தது.

"டயாலிசிஸ் இல்லாத நாளாப் பாத்து ரெக்கார்டிங் போட்டுடறேண்ணே," என்றது ஒலிபெருக்கி. "உக்காருங்க, ஸ்டூல் பின்னாடிதான் இருக்கு."

"இருப்பா. கொஞ்சம் நின்னுக்கறேன்."

நின்றார். நடுங்கியபடி, தன் சொந்தக் கால்களில். வெளியே வந்து மனைவிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டார். நன்றி சொல்வதற்கென்றே ஆயிரம் குரல் வைத்திருந்தவர். ராஜாவுக்குச் சொல்வது, டாக்டருக்குச் சொல்வது, சாகும்போது சொல்வது. அத்தனையும் இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

"அக்கா, கெடைச்சிடுச்சு," என்றார். "நீங்க அன்னைக்கு ஏறி வரலைன்னா..."

மறுமுனையிலிருந்து மூச்சு மட்டும் விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கி வந்தது.

"அக்கா? என்ன ஆச்சு? மூச்சு வாங்குதா? உக்காருங்க, படுக்காதீங்க. நான் இப்பவே கெளம்பி வரேன்."

"அழறேன்டா மடையா," என்றார் அக்கா. "இந்த வித்தியாசம்கூடத் தெரியாத உன்னை நம்பி எவன்டா வேலை குடுத்தான்?"